நடுங்காத கை

ஜூன் 5

அக்காவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ வைத்துவிடுகிறாய். நீ வைக்காவிட்டால் நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தை யாரும் பாதியில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் நீ எதையும் படிக்காமல் கிழிக்கிற ஆள் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைக்கூடக் கடைசி வரி வரை படிப்பவள் நீ. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அன்று உன் வீட்டில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பள்ளிக்கூடம் திறந்தாச்சே, இவள எப்ப அனுப்பப் போற?" அதற்கு நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. இங்க தானம் குடுத்தவளே வந்து பல்லைப் பிடிச்சுப் பாக்குறா." நான் பையை எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். பாதி வழியில்தான் பழமொழியை நீ எவ்வளவு சாமர்த்தியமாகத் திருப்பிப் போட்டிருக்கிறாய் என்று புரிந்து சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு அழுகையும் வந்தது. பக்கத்து சீட்டு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

என் கிட்னிக்குக் கணக்குக் கேட்க நான் வரவில்லை அக்கா. உனக்குச் சர்க்கரை. அத்தானுக்கு ரத்தம் சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது, கொடுத்தேன். அதோடு முடிந்தது. ஆனால் உன் மகளை, நம் கட்டெறும்பை, பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுப் பிள்ளைகள் பை மாட்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளோடு படித்தவர்கள் இரண்டு வகுப்பு தாண்டிப் போய்விட்டார்கள். "சித்தி, பின்னம் எப்படிக் கூட்டுறதுன்னு மறந்துபோச்சு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று என் காதில் சொன்னாள். அனுப்பலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். நீதான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

ஒரே ஒரு பருவம் அனுப்பிப் பார்.

பேக்கரியில் கேக் மேல் எழுதுகிற வேலை இன்னும் எனக்குத்தான். மாவு மூட்டைப் பக்கம் போனால் மாஸ்டர் கத்துகிறார். "ஏ ஒத்தக் கிட்னி, தள்ளி நில்லு! உனக்கு ஏதாவது ஆச்சுன்னா கேக்குல பேரை எவன் எழுதுறது?" அவருக்கு அவர் கவலை.

உன் தங்கை


ஜூன் 14

தங்கச்சிக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன்.

நீ தைரியசாலி, நான் பயந்தாங்கொள்ளி. அப்படியே இருக்கட்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அந்தப் பேயை நேரிலேயே பார்த்தவள். டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அந்த மெஷின் போடுகிற சத்தம் இப்போதும் சலவை மெஷினில் கேட்கிறது எனக்கு. வேலை செய்கிற ஓட்டலில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் விட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரும்பிப் பார்க்கிறேன்.

நீ கொடுத்தது அவள் முதுகில் இல்லை, தெரியுமல்லவா? முன்பக்கம், வலது அடிவயிற்றில் வைத்திருக்கிறார்கள். கை வைத்தால் தட்டுப்படும். பள்ளிக்கூட மேசை முனை சரியாக அந்த உயரத்தில் இருக்கிறது. நான் போய் நின்று பார்த்தேன். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மகளுக்குக் கனத்தை மடியிலேயே வைத்துத் தைத்துவிட்டார்கள்.

சேர்த்துவிட்டேன். ஏழாம் வகுப்பு. நீ சொன்னதற்காக இல்லை. பின்னம் மறந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னவள் என்னிடம் சொல்லவில்லையே, அது என்னைச் சுட்டுவிட்டது. சட்டைக்கு உள்பக்கம் வயிற்றுப் பகுதியில் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பக்கத்தில் யாராவது இருமினால் மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் பாட்டில் காலியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

மருந்தால் கன்னம் உப்பியிருக்கிறதல்லவா, முதல் நாளே "பன்னு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கை நடுக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பில்லை. உடம்பு கிட்னியைத் தள்ளிவிடாமல் இருக்கக் காலையும் மாலையும் ஒரு மருந்து கொடுக்கிறோமே, அது கையை நடுக்கும் என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். போகப் போகக் குறையலாம் என்றார். காலை மாத்திரை போட்ட பிறகுதான் ரொம்ப நடுங்குகிறது. வகுப்பு தொடங்குவதும் அந்த நேரம்தான். கரும்பலகையில் இருப்பதைப் பாதி எழுதுவதற்குள் டீச்சர் அழித்துவிடுகிறாராம். அளவுகோல் வைத்துக் கோடு போட்டாலும் கோணுகிறது.

ஒரு பருவம்தான். பருவத் தேர்வில் தேறாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும். அவளிடமும் இதைச் சொல்லிவிட்டேன். உயிரைப் பணயம் வைத்துப் போவதற்குப் படிப்பாவது வர வேண்டுமல்லவா?

அக்கா


ஜூலை 3

அக்காவுக்கு,

சேர்த்துவிட்டாய்! கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் மாஸ்டர் முட்டைத் தட்டைக் கீழே விட்டுவிட்டார். உன் பெயரில் திட்டு வாங்கினேன்.

பன்னு என்றா கூப்பிடுகிறார்கள்? சித்தி பேக்கரியில் வேலை செய்கிறாள், அப்புறம் என்ன பெயர் வைப்பார்கள் என்று அவளிடம் சொல். பன்னுக்கு வெளியே மினுமினுப்பு, உள்ளே மெத்து. கேலி செய்தவர்கள்தான் முதலில் கடிக்க வருவார்கள்.

விட்டுப்போன பாடத்தைப் பற்றி அவளுக்குக் கவலை வேண்டாம். நான் படிக்கும்போது அம்மை போட்டு ஒரு மாதம் படுத்திருந்தேனே, நினைவிருக்கிறதா? லீவில் நீதானே உட்கார்த்தி வைத்து எல்லாப் பாடத்தையும் எழுத வைத்தாய்? நான் சொன்னதாகச் சொல்: "விட்டதையெல்லாம் லீவுல சேத்துப் புடிச்சிடலாம்டி. ஒண்ணும் ஓடிப் போயிடாது."

இன்னொன்று சொல்கிறேன், முறைக்காதே. காலை ஷிப்டுக்கு வரச் சொல்லிச் சலவை மேனேஜர் நெருக்குவதாக அத்தான் போனில் சொன்னார். நீ மாட்டேன் என்கிறாயாம், ஆறு மணி மாத்திரையை நீதான் கொடுக்க வேண்டும் என்பதற்காக. அக்கா, அவளுக்குப் பதிமூன்று வயது. இன்னும் நாக்கை நீட்டச் சொல்லி, விழுங்கினாளா என்று வாயைத் திறந்து பார்க்கிறாய். அலாரம் வைத்துக் கொடு. வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு, இதில் என்ன இருக்கிறது? ஆயுள் முழுக்க அவள்தானே சாப்பிட வேண்டும்? நம்பிக் கொடுத்துப் பார். நம்பிக் கொடுத்தால்தான் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும்.

உன் தங்கை


ஆகஸ்ட் 10

தங்கச்சிக்கு,

உன் பேச்சைக் கேட்டு அலாரம் வைத்தேன். ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும்போது நான் ஓட்டலில் முதல் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருப்பேன். போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எனக்கு உடம்பெல்லாம் காதாக இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் முதலில் மாத்திரைப் பெட்டியைத்தான் திறந்து பார்க்கிறேன். காலை அறை காலியாக இருக்கும். மாலை மாத்திரையை என் கையாலேயே கொடுத்துவிடுகிறேன். அதை மட்டும் விட மாட்டேன், நீ என்ன கேலி செய்தாலும் சரி.

இப்போது வேறு பயம் பிடித்திருக்கிறது. வகுப்புத் தேர்வு வைத்தார்கள். கணக்கில் பாதித் தாள் வெறுமையாக இருக்கிறது. டீச்சர் என்னை வரச் சொன்னார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "கேட்டா டக்குனு பதில் சொல்றாம்மா. எழுதச் சொன்னா நின்னு போயிடுறா. எழுதுனதும் எனக்குப் புரியல. கொஞ்சம் அக்கறை எடுத்து எழுதச் சொல்லுங்க" என்றார். அக்கறையாம். நடுக்கத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கட்டெறும்பு மேசைக்குக் கீழே என் விரலை இறுக்கிப் பிடித்தாள். வெளியே வந்ததும், "எல்லாரும் ஏற்கெனவே நோயாளின்னு பாக்குறாங்க. இதையும் சொல்லாதம்மா" என்றாள்.

ராத்திரி எனக்கு வேறு என்னென்னவோ தோன்றியது. அத்தனை மாதம் ரத்தத்தில் அழுக்கு நின்றதே, மூளையைத் தொட்டிருக்குமோ? கேட்டால் டாக்டரம்மா என்ன சொல்லிவிடுவாரோ என்று கேட்கவும் பயம். காலையில் எழுந்து, "போதும்டி, வீட்லயே இரு" என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "பருவத் தேர்வு வரைக்கும்னு சொன்னியே. எவ்வளவு வாங்குனா விடுவ?" என்று கேட்டாள். கடைக்காரனிடம் பேரம் பேசுகிற மாதிரி. "வகுப்புல பாதிப் பேருக்கு மேல வா, பாக்கலாம்" என்றேன்.

சரியாகச் சொன்னேனா, தப்பாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

தப்பாகத்தான் சொன்னாய். தினமும் உயிர் வாழ்வதே அவளுக்கு ஒரு பரீட்சை. அதற்கு மேல் இன்னொரு பரீட்சையா? பாதிப் பேருக்கு மேல் வர வேண்டுமாம். நாம் இரண்டு பேரும் என்றைக்கு வந்தோம்?

கோபத்தில் எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். நடுக்கத்தை டாக்டரம்மாவிடம் சொல். டீச்சரிடமும் சொல். வாயை மூடிக்கொண்டு இருப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

தங்கை


செப்டம்பர் 12

என் தங்கச்சிக்கு,

உன் கோபமெல்லாம் பறந்து போகப் போகிறது. உட்கார்ந்து படி.

கை நடுக்கம் போய்விட்டது! நான் யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லாமல் போனது. போகப் போகக் குறையும் என்று டாக்டரம்மா சொன்னது அப்படியே பலித்துவிட்டது. நேற்று சாயங்காலம் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் பாலை அடுக்களையிலிருந்து எனக்குக் கொண்டு வந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் அதைக் காட்டுவதற்காகத்தான் கொண்டு வந்தாள் என்று டம்ளரை வாங்கிய பிறகுதான் புரிந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டேன். பால்தான் என் மேல் கொட்டியது.

வகுப்பில் தினமும் தேதியையும் பாடத்தலைப்பையும் கரும்பலகையில் எழுதும் வேலையை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எழுத்து அவ்வளவு அழகாம். "என்னம்மா மாயம் பண்ணீங்க?" என்று டீச்சரே கேட்டார். கணக்கில் வட்டமும் கோணமும் வரைந்த பக்கத்தை எல்லோருக்கும் காட்டினாராம். பன்னு என்று கூப்பிட்ட பெண்தான் இப்போது பக்கத்தில் உட்கார இடம் பிடித்து வைக்கிறாள். நீ சொன்ன மாதிரியே.

பருவத் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. மாதாந்திர ரத்தப் பரிசோதனை கணக்குத் தேர்வு அன்றே வந்தது. "அம்மா, ப்ளீஸ், ஒரு ரெண்டு வாரம் தள்ளிக் கேளு" என்றாள். முதல் தடவையாகத் தள்ளிக் கேட்டிருக்கிறேன். இத்தனை நாள் உடம்பு உடம்பு என்று அவளை அடைத்து வைத்தவள், படிப்புக்காக டாக்டரைக் காத்திருக்க வைக்கிறேன் பார். நீ சிரிப்பாய்.

எடையும் ஏறியிருக்கிறது. பழைய சாக்ஸ் இறுக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள், பெரிதாக வாங்க வேண்டும். வளர்கிறாள்! கொஞ்சம் சோர்வாக இருக்கிறாள், படிக்கிற களைப்பு. நீ அன்று கேட்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? மாட்டின் பல்லை நீ தாராளமாகப் பிடித்துப் பார்க்கலாம்.

அக்கா


செப்டம்பர் 16

அன்பு அக்காவுக்கு,

கடிதத்தைப் பேக்கரி முழுக்கப் படித்துக் காட்டினேன். மாஸ்டர் அவர் கையாலேயே ஒரு சின்ன கேக் போட்டு, "என்ன எழுதணுமோ எழுது, உன் அக்கா பொண்ணுக்கு" என்றார். அவளுக்கு அனுப்ப முடியாது, அவள் சார்பாக நாங்கள் சாப்பிட்டோம். கட்டெறும்பு என்று எழுத உட்கார்ந்தால், எனக்குச் சந்தோஷத்தில் கை ஆடுகிறது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். "என்னடி இது, மருந்து சாப்பிட்டவ மாதிரி எழுதுற?" என்று மாஸ்டர் கேட்டார். அவளுடைய நடுக்கத்தைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். எல்லோரும் சிரித்தோம்.

அவளிடம் சொல், சித்தியின் கை நடுங்குகிறது, அவள் கை நடுங்கவில்லை, இனிமேல் அவள்தான் வந்து கேக்குக்குப் பெயர்...

அக்கா, டாக்டரம்மா மருந்தைக் குறைத்தாரா? நீ எழுதவில்லையே. குறைத்திருந்தால் எத்தனை மில்லிகிராம் என்பதுவரை எழுதியிருப்பாய். உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன், குறைத்ததாக ஒரு வரி இல்லை. பரிசோதனையே தள்ளிப் போயிருக்கிறது. பிறகு எப்படிக் கை நின்றது?

காலையில்தான் ரொம்ப நடுங்கும் என்று எழுதியிருந்தாய். காலை மாத்திரையைத்தான் அவளே போட்டுக்கொள்கிறாள்.

சாக்ஸ் இறுக்குகிறது என்கிறாய். எடை ஏறியிருக்கிறது என்கிறாய். அக்கா, மெஷினில் வைப்பதற்கு முன்னால், முதன்முதலில் நமக்குத் தெரிந்தது எப்படி? செருப்பு பற்றவில்லை என்றாளே.

உடனே உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன். உன் போன் பூட்டிக் கிடக்கிறது. அத்தான் லாரியில் எங்கோ சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடப் போகிறேன். நான் சொல்வது பொய்யாக இருந்தால் நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. பொய்யாக இருக்க வேண்டும்.


செப்டம்பர் 27

தங்கச்சிக்கு,

நீ பாதியில் விட்ட கடிதம் நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னாலேயே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. வார்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கூப்பிட்டதும் டீச்சர் வகுப்புக்குப் போய் அவளை வெளியே அழைத்துக் கேட்டிருக்கிறார். கேட்டவுடனே ஒத்துக்கொண்டாளாம். ஓட்டலுக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போனபோது பள்ளி அலுவலக பெஞ்சில் ஜாமெட்ரி பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் திறந்து காட்டினாள். காம்பஸுக்கும் பாகைமானிக்கும் கீழே, ஒரு துணியில் மடித்து, மாத்திரைகள். வரிசையாக, சுத்தமாக. ஒன்றுகூட உடையவில்லை.

நான் அவளை அடித்துவிட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி. வயிற்றில் படாமல் கன்னத்தில் அடிக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் தோன்றியது பார். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தூக்கிப் போடலம்மா. ஒண்ணுகூடத் தூக்கிப் போடல. பரீட்சை வரைக்கும்தான். லீவு விட்டதும் எல்லாத்தையும் சேத்து சாப்ட்டுடலாம்னு வெச்சிருந்தேன். விட்ட பாடத்தை எழுதுற மாதிரி."

முதலில் தேர்வு நாட்களில் மட்டும் விட்டாளாம். கை நின்றுவிட்டது. கரும்பலகையில் எழுதும் வேலை வந்ததும் பள்ளி நாள் எல்லாமே விட்டிருக்கிறாள். மாலை மாத்திரையை என் கையால் வாங்கிச் சாப்பிட்டதால் பாதி மருந்து உள்ளே போயிருக்கிறது. இவ்வளவு நாள் தாக்குப் பிடித்ததே அதனால்தான் என்கிறார்கள்.

ரத்தத்தில் நிற்கும் அழுக்கைக் காட்டுகிற கிரியாட்டினின் மூன்று மடங்கு ஏறியிருக்கிறது. வயிற்றில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு கிட்னியைத் தள்ளுகிறது. பெரிய மருந்தாக ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அது கேட்டால் கேட்கும், கேட்காவிட்டால் மறுபடி மெஷின். சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று அளக்கும் குடுவையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நர்ஸ் வேகமாக நடந்து வந்தால் என் கால் தானாக எழுந்து நிற்கிறது.

லீவில் சேர்த்துப் பிடிக்கலாம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நீ. அவளே சாப்பிடட்டும், நம்பு என்றது நீ. இதை எழுத வேண்டும் என்றுதான் காகிதமே வாங்கினேன். எழுதிவிட்டேன். இப்போது மற்றதையும் எழுதுகிறேன். பாதிப் பேருக்கு மேல் வா என்று விலை வைத்தவள் நான். பரிசோதனையைத் தள்ளி வைத்தவள் நான். இறுகிய சாக்ஸைப் பார்த்து வளர்கிறாள் என்று சிரித்தவள் நான். எத்தனை வருஷம் அந்தக் கணுக்காலை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தவள். மார்க் என் கண்ணை மறைத்துவிட்டது.

நீ வராதே. உள்ளே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. அது மட்டும் காரணமில்லை. "சித்திய வரச் சொல்லாதம்மா. அவங்க குடுத்ததை நான் கெடுத்துட்டேன். மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்?" என்கிறாள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

அக்கா


அக்டோபர் 4

அக்கா,

எத்தனையோ காகிதம் எழுதிக் கசக்கிவிட்டேன். நீ எழுதியது சரி. நான்தான் சொன்னேன். நானே என் வாயால் சொன்னேன். கேக்கில் பெயரைத் தப்பாக எழுதினால் கத்தியால் வழித்து எடுத்துவிட்டு மறுபடி எழுதுவேன். இதை எதை வைத்து வழிப்பது?

எனக்கு இப்போது உன் பயம் தொற்றிக்கொண்டது. போன் மணி அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். படுத்தால் கொடுத்த பக்கம் வலிக்கிறது. அங்கே வலிக்க ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிழைத்து வந்தால் பள்ளிக்கூடம் வேண்டாம் அக்கா. நீ முதலில் சொன்னதுதான் சரி. வீட்டிலேயே இருக்கட்டும். ஜன்னல் ஓரம் நிற்கட்டும். பின்னம் தெரியாமல் போனால் போகட்டும், உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரிகிறது? கொடுக்க என்னிடம் இன்னொன்று இல்லை. இருப்பதையும் கொடு என்றால் கொடுத்துவிடுவேன், மாஸ்டர்தான் சத்தம் போடுவார். பார், இந்த நேரத்திலும் எனக்கு வேடிக்கைப் பேச்சு வருகிறது. பயந்தால் எனக்கு இப்படித்தான் வாய் ஓடும், உனக்குத் தெரியும்.

அவளிடம் சொல், கொடுத்த பிறகு அது அவளுடையது. அவள் கெடுத்தது அவளுடையதைத்தான். சித்தியுடையதை இல்லை. எனக்குக் கோபம் இல்லை. எனக்குப் பயம் மட்டும்தான்.

தங்கை


அக்டோபர் 18

என் தங்கச்சிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். மருந்து கேட்டது. கிட்னி பிழைத்துக்கொண்டது. நல்லதில்லாததையும் சொல்ல வேண்டும். பழைய இடத்துக்கு அது திரும்பவில்லை. இனித் திரும்பாது என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் போய்விட்டது, மீதி இருப்பது எத்தனை வருஷம் உழைக்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்காது" என்று அவளைப் பார்த்தே சொன்னார். விட்ட மாத்திரையை எந்தக் காலத்திலும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது, விட்டது விட்டதுதான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கை நடுங்குவதால் பிள்ளையால் எழுத முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மருந்தை மாற்றிப் பார்த்திருப்பேனே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீ ஆகஸ்டிலேயே சொன்னாய். எனக்குத் தலை நிமிரவில்லை. இப்போதைக்கு மாற்ற முடியாதாம், அளவையும் கூட்டியிருக்கிறார். கிட்னி நிலைத்த பிறகு பார்க்கலாம் என்றார்.

வார்டுக்கு வெளியே கண்ணாடிக் கதவருகே ஒரு சாயங்காலம் முழுக்க ஒரு பெண் நின்றுவிட்டுப் போனாள் என்று நர்ஸ் சொன்னார். "உங்க ஜாடை" என்றார். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்ததாம். வராதே என்றால் கேட்கிற ஆளா நீ? அவளிடம் அப்போது சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு சொன்னேன். "நான் தூங்கும்போது வாயைத் திறந்துட்டுத் தூங்குவேனே, அதையா பாத்தாங்க?" என்று கேட்டாள். ரொம்ப நாள் கழித்து அன்றுதான் சிரித்தாள்.

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை அவளுக்கே படித்துக் காட்டினேன், நீயும் என் பக்கம் வந்துவிட்டாய் என்ற தைரியத்தில். ஜன்னல் ஓரம் நிற்கட்டும் என்ற இடம் வந்ததும் கையை நீட்டிக் காகிதத்தை மறைத்தாள். "வீட்ல இருந்தா கிட்னி நல்லா இருக்கும்மா. நான் நல்லா இருக்க மாட்டேன்" என்றாள். காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். உன்னிடம் இதற்குப் பதில் இருந்தால் எழுது.

நான் மட்டும் போய் டீச்சரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.  "அக்கறை எடுத்து எழுதச் சொல்லுங்கன்னு நான்தானேம்மா சொன்னேன்" என்றார். இனி வகுப்பில் இருப்பதைப் பக்கத்துப் பெண் எழுதிக் கொடுப்பாள். கணக்கை இவள் வாயால் சொல்லலாம். தேர்வில் கூடுதல் நேரம் கேட்டிருக்கிறார். கரும்பலகை வேலை வேறு பெண்ணுக்குப் போய்விட்டது. பருவத் தேர்வு மார்க்கும் வந்தது. பாதிப் பேருக்கு மேலேதான் இருக்கிறாள். அதைப் பீரோவில் துணிக்கு அடியில் போட்டுவிட்டேன். அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை முதல் போகிறாள். ஷிப்டை மாற்றிக்கொண்டேன். என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. முன்பு மேசை முனைக்குப் பயந்தேன், இருமலுக்குப் பயந்தேன். இப்போது அவள் நன்றாக இருந்தாலும் பயமாக இருக்கிறது. காலையில் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட உட்காரும்போது, "கையை நீட்டு" என்கிறேன். நீட்டுகிறாள். விரல்கள் ஆடுகின்றன. ஒரு காலத்தில் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது அது ஆடும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்று ஸ்பூனைத் தட்டில் கொண்டு போய் வைப்பதற்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. அப்புறம்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

உனக்கு அவளே ஒரு வரி எழுத வேண்டுமாம். எழுதித் தருகிறேன், சொல் என்றேன். கேட்கவில்லை, பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு வரிக்குப் பாதிப் பக்கம் எடுத்துக்கொண்டாள். உனக்குப் படிக்க முடியாமல் போய்விடுமோ என்று கீழே நானே ஒரு முறை எழுதியிருக்கிறேன்:

"சித்தி, இன்னிக்கு மாத்திரை போட்டுட்டேன். எழுத்தப் பாத்தாலே தெரியும்."

அக்கா